சேற்று நிலமும் சங்கிலி உழவு இயந்திரமும்

கல்லூரி மலரொன்றிலே தமிழாசிரியர் எழுதப் புகுந்தால் இலக்கியம் பற்றியே எழுதுவாரெனப் படிப்போர் எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும், உழவைத் தனியோர் அதிகாரமாக வகுத்துப் பாடிய வள்ளுவரைப் போற்றும் யாம், உழவுக் கருவியொன்றைப் பற்றி எழுதுவது தகாத செயலன்று என நம்புகின்றோம். சிலாபப் பகுதியிலே தென்னந்தோட்டங்களுக்கிடையே தாழ்ந்து கிடக்கும் வயல்களை மழைக்காலத்திற் பார்த்தவர்கள், அங்கே வண்டிச் சில்லு எவ்வளவு எளிதிற் புதையும் என்பதை அறிவார்கள். அத்தகைய ஈர நிலத்திலே, மலிந்த விலைக்குக் கிடைக்கும் பழைய சங்கிலி உழவு இயந்திரமொன்றை இறக்கிப் பயிர் செய்யலாமா? இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. இயந்திரம் புதையாதிருப்பது வேறு. நிலம் கெடாதிருப்பது வேறு. இவ்வேற்றுமையை விளக்குதலே எமது நோக்கமாகும்.

ஒரு பொருள் சேற்றிற் புதைவது அதன் பாரத்தால் மட்டுமன்று. அப்பாரம் எத்துணைப் பரப்பிலே பரவி நிற்கின்றது என்பதாலுமாகும். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், அவருடைய பாதம் 150 சதுர சென்ரிமீற்றர் பரப்பிற் படிவதாகக் கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 0.4 கிலோகிராம் பாரம் விழும். இனி, 1938 முதல் 1957 வரை அமெரிக்காவிற் செய்யப்பட்ட கட்டர்பில்லர் டி 2 என்னும் சிறிய சங்கிலி இயந்திரத்தை நோக்குவோம். அதன் நிறை மூன்று தொன்னுக்குச் சற்று மேற்பட்டது. அதனை 3,200 கிலோகிராம் எனவும், இரு சங்கிலிப் பட்டைகளும் தனித்தனியே 30 சென்ரிமீற்றர் அகலத்திலும் 150 சென்ரிமீற்றர் நீளத்திலும் நிலத்திற் படிந்திருப்பன எனவும் கொண்டால், மொத்தப் பரப்பு 9,000 சதுர சென்ரிமீற்றர். அழுத்தம் ஏறக்குறைய 0.36 கிலோகிராம். மூன்று தொன் இரும்பு, நடந்து செல்லும் மனிதனிலும் சற்று மெதுவாகவே நிலத்தை மிதிக்கின்றது! காற்றடைத்த இறப்பர்ச் சில்லோ, ஏறத்தாழத் தன்னுள் அடைபட்ட காற்றின் அழுத்தத்தையே நிலத்தின்மீது சுமத்தும். அது பெரும்பாலும் ஒரு கிலோகிராமை ஒட்டியோ அதற்கு மேற்பட்டோ இருக்கும்.

இவ்வகை உழவு இயந்திரம் புகழ்பெற்றதும் ஈர நிலத்திலேதான். கலிபோர்ணியாவில் ஸ்டொக்டன் நகரை அடுத்த ஆற்றுக் கழிமுகத்தில், மக்கிய புல்லும் கோரையும் சேர்ந்து உண்டான மென்மையான கரிய மண் உண்டு. அங்கே நீராவி இயந்திரங்கள் புதைந்தன. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் முதலிற் சில்லுகளை அகலப்படுத்திப் பார்த்தார். அம்முயற்சி வளர்ந்து, இயந்திரமொன்றின் முழு அகலம் 46 அடியாகிவிட்டது. அஃது உழவுக்கு உதவும் வடிவமன்று எனக் கண்ட அவர், சில்லுகளைக் கழற்றிவிட்டுச் சங்கிலியிற் பொருத்திய மரப்பலகைகளாலான பட்டைகளைப் பூட்டி, 1904 நவம்பர் 24ஆந் திகதி றொபேட்ஸ் தீவின் ஈர நிலத்தில் உழுது வெற்றி கண்டார். இயந்திரம் நெளிந்து ஊர்ந்த தோற்றத்தைக் கண்டு அதற்கு மயிர்க்கொட்டி எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்கலாயிற்று. 1910இல் அப்பெயர் வணிகக் குறியாகப் பதியப்பட்டது. 1925இல் ஹோல்ட், பெஸ்ற் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றாகி அப்பெயரையே தாங்கின.

இதுவரை இயந்திரத்தின் பெருமையைக் கூறினோம். இனி நிலத்தின் பக்கம் நின்று பார்ப்போம். மேற்பரப்பில் விழும் அழுத்தம், பாரம் பரவும் பரப்பைப் பொறுத்தது; ஆழத்திற் சென்று தாக்கும் அழுத்தமோ பெரும்பாலும் மொத்தப் பாரத்தையே பொறுத்தது. ஆகவே மேலே தடம் ஆழமாகத் தெரியாவிட்டாலும், கீழே மண் இறுகிப்போதல் கூடும். வேருக்கும் காற்றுக்கும் நீருக்கும் வழியாயுள்ள நுண்துளைகள் அடைபடும். அன்றியும், சங்கிலியின் உட்சில்லுகளுக்கு நேர் கீழே அழுத்தம் மிகுந்திருக்கும். யாம் மேலே காட்டிய கணக்கு சராசரியே என்பதை மறத்தலாகாது.

நெல்வயலில் இன்னொரு செய்தியும் உண்டு. தலைமுறை தலைமுறையாக எருமைகள் மிதித்தும், கலப்பை உழுதும், பலகை அடித்தும் வந்த வயலில், ஒரு சாண் ஆழத்தை ஒட்டி இறுகிய படையொன்று உருவாகியிருக்கும். அதுவே நீரைத் தாங்கி நிற்கும் பாத்திரத்தின் அடி. பாரமான இயந்திரம் சேற்றிலே சறுக்கி ஓரிடத்திற் சுழன்றால் அவ்வடி உடையும். பிறகு கட்டிய நீர் நில்லாது இறங்கும். கடற்கரையை அடுத்த நிலங்களில் வயலில் நிற்கும் நன்னீரே கீழிருக்கும் உவர் நீர் மேலெழாது அடக்கி நிற்பதால், அடியுடைந்த வயல் உவர்ப்படைவதற்கும் இடமுண்டு. அகல உழுவதிலும் ஆழ உழுவது நன்றென்னும் நம் பழமொழி புழுதி நிலத்துக்குப் பொருந்தும். சேற்று வயலுக்கு அதனை அப்படியே கொள்ளுதல் தவறாகும்.

அங்ஙனமாயின் பழைய இயந்திரத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. ஒரு பலம் புழுதி காற்பலமாகக் காய விடுக என்பது வள்ளுவர் கருத்து. மண்ணின் வலிமை அதன் ஈரத்தைப் பொறுத்தது என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது. பெரும்போக மழைக்கு முன்னர் முதலுழவு செய்தல், வரம்பு கட்டுதல், வாய்க்கால் வெட்டுதல், மேடு திருத்தல் ஆகியவற்றுக்குச் சங்கிலி இயந்திரம் மிக ஏற்றது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்திலே காடழித்து நிலம் திருத்திய இயந்திரங்களும் இவ்வினத்தனவே. நெல் அறுத்தபின் எஞ்சிய ஈரத்திற் பயறோ எள்ளோ விதைக்கும்போதும் அது பயன்படும். சில்லு இயந்திரம் இறங்குதற்கு நிலம் காயும்வரை காத்திருந்தால், விதை முளைத்தற்கு வேண்டிய ஈரமும் உடன்போய்விடும். ஆனால் உழும் ஆழத்திலிருந்து ஒருபிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தல் வேண்டும். அது திரிபோல் நீண்டால் பொறுத்திருக்க, உதிர்ந்தால் இறங்குக.

இறக்குவோர் கவனிக்க வேண்டியன சில. சேற்றில் ஒரு பக்கச் சங்கிலியை நிறுத்தித் திடீரெனத் திருப்பினால் நிலம் கிழிபடும். வயலின் ஓரத்தில் அகலமாக வளைத்தே திருப்புதல் வேண்டும். கலப்பையை உயரத்திற் பூட்டினால் பாரம் பின்னே சாய்ந்து பின்பக்கம் புதையும், தாழப் பூட்டுக. தேய்ந்து தளர்ந்த சங்கிலி திரும்பும்போது கழன்று விழும். மிக இறுக்கினாலோ, பற்சில்லிற் சேறு அடைபட்டுச் சங்கிலி முறுகும். மணலும் உவர் நீரும் ஊசிகளை விரைவில் தேய்க்குமாதலால் அன்றாடம் நன்னீரிற் கழுவுதல் வேண்டும். இயந்திரத்தின் அடிவயிறு சேற்றிற் படிந்துவிட்டால் மேலும் முடுக்குதல் பயனற்றது. பாரம் பட்டையை விட்டு வயிற்றுக்கு மாறிவிட்டது. வந்த வழியே பின்னோக்கி இழுப்பித்தலே முறை.

நாற்று நடுதற்குரிய சேற்றைக் குழப்பும் வேலைக்கு, இரும்புச் சில்லு பூட்டிய இருசில்லு இயந்திரமே பெரும்பாலும் போதும். இக்காலத்து அறுவடை இயந்திரங்கள் பல இறப்பர்ப் பட்டையில் ஊர்வன. அவையும் ஹோல்ட் கண்ட கொள்கையின் வழிவந்தனவே. ஆயினும் அவற்றின் மொத்தப் பாரத்தையும் கருதுதல் வேண்டும்.

ஈர நிலத்தை மனிதன் தன் விருப்பத்துக்கு வளைக்கப் புகுந்த இடங்களில் நிலம் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொண்டமைக்குச் சான்றுகள் உள. ஹோல்ட் உழுத கழிமுகத்தில், நீரை வடித்து உழுதமையால் அக்கரிய மண் காற்றுப்பட்டுச் சிதைந்து தாழ்ந்தது; அத்தீவுகளிற் பல இன்று கடல் மட்டத்துக்குப் பல அடி கீழே, கரையணைகளின் காவலிலே கிடக்கின்றன. நீர்கொழும்புக்குத் தெற்கே உள்ள முத்துராஜவெலவில் உவர் நீரை அகற்றி நெல் விளைவிக்கும் நோக்குடன் 1802இல் ஹமில்ற்றன் கால்வாய் வெட்டத் தொடங்கப்பட்டது. எனினும் அச்சதுப்பு நிலம் நெல் வயலாகவில்லை.

ஆதலின், இயந்திரத்தை வயலில் இறக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்குமாறு எம் மாணவர்க்கும், வயல் வைத்திருக்கும் பழைய மாணவர்க்கும் கூறுவோம். இதன் மொத்தப் பாரம் என்ன? இன்று மண்ணின் ஈரம் என்ன? வயலின் அடி எத்தனை ஆழத்தில் உள்ளது? இயந்திரம் பழுதானால் வேறொன்று வாங்கலாம். பாட்டன் காலந்தொட்டு மிதித்து இறுக்கிய வயலின் அடி உடைந்தால், அதனை மீண்டும் ஆக்கப் பல போகங்கள் செல்லும்.