ஊருக்குத் திறக்கும் கலாசாலை

1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்து, 2021 ஆகஸ்ட் 1 ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாக் கலாசாலை, பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் ஆகிய மூன்று பீடங்களோடு தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நடத்துவனவும் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் என்னும் பீடங்களே. இவற்றுள் கலைக்கென ஒரு பீடமும் இல்லை. ஆகையால், ஆண்டுக்கொரு வாரமேனும் பகலிற் பிரசங்கமும் இரவிற் கலையுமாகப் பொதுஜனங்களுக்கு வாசலைத் திறந்துவைப்பது வன்னிக்கு அத்தியாவசியம் என்பதே என் துணிபு.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1873 இலேயே வெளியூர்களுக்குப் பிரசங்கிகளை அனுப்பத் தொடங்கியது. நமக்கு அதனினும் அணுக்கமான முன்மாதிரி பேராசிரியர் சு. வித்தியானந்தன். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான அவர், 1960களில் பேராதனையில், விடியவிடிய வட்டக்களரியில் ஆடப்படும் கூத்தைச் சுருக்கி, மாணவர்களுக்குப் பயிற்றி, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என மேடையேற்றியபோது, பாமரர் ஆட்டமென்று படித்தவர் ஒதுக்கிய கலை சபையில் மரியாதை பெற்றது.

வன்னியிலும் முல்லைத்தீவுக்குக் கோவலன் கூத்து உண்டு. அண்ணாவியார் மத்தளத்தில் தாளம் எடுக்க, பிற்பாட்டுக்காரர் ஆட்டக்காரனின் அடியை வாங்கிப் பாட, கால்கள் அந்தத் தாளத்துக்கே விழும் அழகை அருகிலிருந்து பார்க்கும் மாணவனுக்கு அதுவே ஒரு பாடம். அவ்வாறே, பகலில் குளத்து நீரைப் பற்றிய பிரசங்கத்தில், வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர் எழுந்து வினவினால் பிரசங்கியும் கற்பார். காலபோக அறுவடை முடிந்தபின் நாள் குறித்து, இரவு கூத்து முடிந்ததும் நெடுங்கேணிக்கும் மாங்குளத்துக்கும் பஸ் ஒழுங்கு செய்தால், சனம் தாராளமாக வரும்.