செம்மணி: என்பிலிருந்து மரபணுவை எப்படி எடுப்பது?

செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியில் 2025இல் 200க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. அங்கு மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் ஓகஸ்ட் 5ஆம் திகதி உறவினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. உடுப்பைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாதபோது மிஞ்சுவது மரபணுச் சோதனைதான். 'டி.என்.ஏ எடுப்பார்கள்' என்கிறோம். என்பிலிருந்து அதை எடுப்பது எப்படி?

கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ தனியே கிடப்பதில்லை. நூல்கட்டையில் நூல்போல, இஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றியிருக்கிறது. இதற்கான முதல் தடயங்களுள் ஒன்று நொதியச் சமிபாட்டில் கிடைத்தது. 1973இல் அவுஸ்திரேலியாவில் ஹூயிஷ், பேர்கோய்ன் என்ற இருவர், எலியின் ஈரல் கலக் கருக்களில் இருந்த நொதியத்தையே டி.என்.ஏயை வெட்டவிட்டுப் பார்த்தார்கள். துண்டுகள் கண்டபடி வரவில்லை; ஒரே அளவின் மடங்குகளாக வந்தன. புரதம் காத்த இடத்தை விட்டு, இடைவெளிகளில்தான் நொதியம் வெட்டியிருந்தது.

இறந்த உடலிலும் நொதியங்கள் டி.என்.ஏயை வெட்டுகின்றன. கிறீன்லாந்தில் கிடைத்த, சுமார் 4,000 ஆண்டுகள் பழைமையான மனித முடியில், இஸ்டோன் காத்த பகுதிகள் கூடுதலாகத் தப்பியிருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அது உறைபனி நாடு. எங்கள் வெக்கையும் மாரி ஈரமும் அவ்வளவு இரக்கம் காட்டா. அதனால்தான் பல், தொடையென்பு, காதடிக் கடும் என்பு ஆகியவற்றை முதலில் தேடுகிறார்கள்.

என்பைச் சுத்தமாக்கித் தூளாக்கி, கல்சியத்தைக் கரைத்து, புரொட்டினேஸ் கே என்ற நொதியத்தைச் சேர்ப்பார்கள். ஒரு பங்கசிலிருந்து பெறப்பட்ட இந்த நொதியம் முடியின் கெரட்டினைக்கூடச் சமிபாடடையச் செய்யும். பெயரிலுள்ள 'கே' அதைத்தான் குறிக்கிறது. ஹூயிஷின் நொதியம் டி.என்.ஏயை வெட்டியது, இது புரதத்தை வெட்டுகிறது. வழக்கமாக 56 பாகை செல்சியசில், ஓர் இரவு முழுவதும். புரதங்கள் சிதைய, எஞ்சிய டி.என்.ஏ விடுபடும்.

அப்போதும் கைக்கு வருவது ஓர் எண்வரிசைதான், பெயரல்ல. ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும்; கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தாலே போதும். பிள்ளையின் கரு டி.என்.ஏயில் பாதி தாயினது, பாதி தந்தையினது. ஆகவே பெற்றோர் இருவரின் மாதிரியும் இருந்தால் முடிவு மிக உறுதியாகும். சகோதரர் ஒருவர் மட்டுமே என்றால் உறுதி குறையும்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்த பெற்றோர் பலர் இன்று உயிரோடு இல்லை. அகழ்வு முடியட்டும் என்று காத்திராமல், இருப்பவர்களின் மாதிரிகளை இப்போதே எடுத்துவைக்க வேண்டும். ஆர்ஜென்டீனா 1987இல் சட்டமியற்றி மரபணு வங்கி அமைத்தது, பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாரின் இரத்தம் அவர்களுக்குப் பின்னும் ஒப்பிடக் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தான்.