மாட்டுக்கும் விசா வேணும் பாஸ்!

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குதிரை, அமெரிக்காவிலிருந்து ஒரு கோழிக்கால்... இதெல்லாம் இந்தியாவுக்குள்ளே வரணும்னா எந்தச் சட்டத்தைத் தாண்டணும் தெரியுமா? ஏதோ ஆயிரம் பக்கப் புத்தகம்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. ஐந்தாறு பிரிவுகளோட ரெண்டு மூணு பக்கத்துல முடிஞ்சுபோற குட்டிச் சட்டம் அது. பெயர், கால்நடை இறக்குமதிச் சட்டம். பிறந்த வருஷம் 1898!

விக்டோரியா மகாராணி உயிரோட இருந்த காலம். இருபது வருஷத்துப் பழைய சிலபஸைப் படிக்கச் சொன்னாலே நாம எவ்வளவு புலம்புவோம்! ஆனா, 19-ம் நூற்றாண்டுச் சட்டம் ஒண்ணு இன்னிக்கும் நம்ம துறைமுகத்துலயும் ஏர்போர்ட்டுலயும் டூட்டி பார்க்குது. எப்படி வந்தது இது? கொஞ்சம் ரிவர்ஸ் கியர் போடுவோம்.

லண்டனை அலறவைத்த நோய்

1865, ஜூன் மாதம். லண்டன் பால் பண்ணைகளில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. காய்ச்சல், வாயெல்லாம் புண், கழிச்சல், சில நாட்களில் மரணம். நம்ம ஊரில் 'வெக்கை'ன்னு சொல்வாங்களே, அதே நோய்தான். பால்டிக் கடலோரத்து ரெவல் நகரிலிருந்து (இன்றைய டாலின்) ஹல் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த மாடுகள் மேல் சந்தேகம் விழுந்தது. வந்த மாடுகள் லண்டன் சந்தைக்குப் போச்சு. சந்தையிலிருந்து ரயில் ஏறி ஊர் ஊராக நோய் பரவிச்சு. நாட்டை இணைச்ச அதே ரயில், நோயையும் இணைச்சிடுச்சு!

வைரஸ்னு ஒண்ணு இருக்குன்னே யாருக்கும் தெரியாத காலம் அது. மருந்து, மந்திரம், உபவாச பிரார்த்தனைன்னு எல்லாம் பண்ணிப் பார்த்தாங்க. ஒண்ணும் எடுபடலை. கடைசியில் 1866 பிப்ரவரியில் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. நோய் கண்ட மாட்டைக் கொல், மாடுகளின் நடமாட்டத்தை நிறுத்து. கொடூரமான வழிதான். ஆனா, 1867 முடியும்போது நோய் அடங்கிடுச்சு.

அடுத்த பாடம் இன்னும் சுவாரஸ்யம். 1871-ல் லண்டன் டெட்ஃபோர்டில் வெளிநாட்டு மாடுகளுக்குன்னே தனிச் சந்தை திறந்தாங்க. கப்பலில் வந்த மாடு அந்த வளாகத்தைத் தாண்டி உயிரோட ஊருக்குள்ளே நடக்கக் கூடாது. இறங்கின இடத்துலயே வெட்டு! 'நோயை ஊருக்குள்ளே துரத்தாதே, வாசல்லயே நிறுத்து' என்கிற பாடத்தை பிரிட்டிஷ் நிர்வாகம் கத்துக்கிட்டது இப்படித்தான்.

இங்கே என்ன நடந்தது?

லண்டனில் சட்டம் வந்த அதே 1866-ல் நம்ம மெட்ராஸ் மாகாணத்திலும் கால்நடை நோய்ச் சட்டம் வந்தது. பிறகு, இந்தியா முழுக்க மாடுகளை வாரிக்கொண்டு போகும் நோய்கள் பற்றி விசாரிக்க ஹாலன் என்ற கால்நடை மருத்துவர் தலைமையில் கமிஷன் போட்டாங்க. அது 1871-ல் அறிக்கை கொடுத்தது.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? கப்பலில் வந்த நோயை வாசலில் நிறுத்தலாம். இங்கே வெக்கை எப்பவோ வீட்டுக்குள்ளே வந்து பாய் விரிச்சுப் படுத்திருந்தது. உழவு மாடு செத்தா அந்த வருஷ விவசாயமே செத்த மாதிரி. லட்சக்கணக்கான கிராமங்கள், விரல் விட்டு எண்ணக்கூடிய கால்நடை மருத்துவர்கள்... எந்த அரசாங்கத்துக்கும் மலைப்பான வேலைதான்.

அரசாங்கத்துக்கு இன்னொரு கவலையும் இருந்தது. குதிரை! குதிரைப்படைக்கும் பீரங்கி இழுக்கவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அதுக்கு 'வேலர்'னே பெயர். குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ், ஃபார்சி ரெண்டுக்கும் 1879-லேயே தனிச் சட்டம் போட்டாச்சு. கிளாண்டர்ஸ் மனுஷனுக்கும் தொத்தும், ஆளையே கொல்லும்.

குட்டிச் சட்டத்தின் பெரிய கை

இப்ப 1898-க்கு வருவோம். இந்தச் சட்டத்துக்கு ஒரு அக்கா உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவினதும் 1897-ல் அவசரமாகப் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். ஆமா, 2020 கொரோனா சமயத்தில் தூசி தட்டி எடுத்தாங்களே, அதேதான்! அக்கா மனுஷனுக்கு, தம்பி மாட்டுக்கு. ஜாடை அப்படியே ஒத்துப்போகும்.

என்ன ஜாடை? ரெண்டும் குட்டி. ரெண்டிலும் விதிகள் கிடையாது. விதி போடும் அதிகாரம் மட்டும் உண்டு. கால்நடைச் சட்டம் சொல்வது இவ்வளவுதான். நோய் வரக்கூடிய கால்நடைகளின் இறக்குமதியை அரசு கெஜட்டில் ஒரு அறிவிப்பு போட்டுத் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம். அறிவிப்பு வந்ததும் சுங்கச் சட்டத்தின் பலம் அதுக்கு வந்துடும். துறைமுக சுங்க அதிகாரியே வாசல் காவல்காரர். வந்த விலங்கை நிறுத்தி வைப்பது, சோதிப்பது, கிருமி நீக்குவது, தேவைப்பட்டா கொல்வது... இதுக்கெல்லாம் மாகாண அரசுகள் விதி போட்டுக்கலாம். விலங்கு மட்டுமில்லை, அது தின்ற தீவனம், போட்ட சாணம், படுத்த வைக்கோல், பூட்டின சேணம் வரைக்கும் சட்டத்தின் கை நீளும். நல்லெண்ணத்தோட செயல்பட்ட அதிகாரி மேல வழக்குப் போட முடியாது.

சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் நோய்களைப் பாருங்க. உண்ணித் தொல்லை, அடைப்பான், கிளாண்டர்ஸ், ஃபார்சி, சொறி. உண்ணிதான் மாட்டுக் காய்ச்சலைப் பரப்புதுன்னு அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் ரெண்டு பேரும் நிரூபிச்சது 1893-ல். அஞ்சே வருஷத்தில் உண்ணி நம்ம சட்டத்துக்குள்ளே! ஆனா, நம்ம உழவு மாடுகளைக் கொன்னு குவிச்ச வெக்கை அந்தப் பட்டியலில் இல்லை. தேவைப்பட்டா எந்த நோயையும் சேர்த்துக்கலாம்னு ஒரு வரி இருக்கு, உண்மைதான். இருந்தாலும், அஞ்சில் ரெண்டு குதிரை நோய், கால்நடைப் பட்டியலிலும் முதல் பெயர் குதிரை. மாகாணத்துக் குடியானவன் மாட்டைவிட ராணுவ லாயம்தான் சட்டம் எழுதினவங்க கண்ணுக்கு முதலில் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தோணுது.

வெக்கை என்ன ஆச்சு? தடுப்பூசியால் விரட்டினோம். இந்தியாவின் கடைசி வெக்கை பாதிப்பு பதிவானது 1995-ல், நம்ம தமிழ்நாட்டில். 2011-ல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் பூமியிலிருந்தே துடைச்சு எறிஞ்ச ரெண்டாவது நோய் இது.

கோழிக்கால் கேட்ட கேள்வி

தாத்தா சட்டம் மட்டும் ரிட்டயர் ஆகலை. 2001-ல் திருத்தம் பண்ணி இறைச்சி, முட்டை, பால் மாதிரியான கால்நடைப் பொருட்களையும் அதுக்குள்ளே கொண்டு வந்தாங்க. இந்த அதிகாரத்தை வெச்சுத்தான் பறவைக் காய்ச்சல் வந்த நாடுகளிலிருந்து கோழி வரக் கூடாதுன்னு இந்தியா தடுத்தது. அமெரிக்கா 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 'ஆபத்தை விஞ்ஞானப்படி மதிப்பிட்டீங்களா? ஒரு மாநிலத்தில் நோய் வந்தா முழு நாட்டையும் ஏன் தடுக்கறீங்க?' இதுதான் கேள்வி. 2015-ல் மேல்முறையீட்டிலும் இந்தியா தோத்தது. 2023-ல் ரெண்டு நாடும் சமாதானம் பேசி முடிச்சுக்கிட்டாங்க.

இங்கேதான் விஷயமே இருக்கு. 1898 சட்டம் 'ஏன்?'னு கேட்கறதில்லை. வைஸ்ராய் காலத்தில் அரசாங்கம் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. அதனால் வேகம் உண்டு. நோய் கப்பலைவிட வேகமாக ஓடும்போது அந்த வேகம் வேணும்தான். ஆனா, இன்னிக்கு உலகமும் கேட்குது, நம்ம மக்களும் கேட்கறாங்க. 2023 ஜூனில் இந்தச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு மசோதா வரைவை மத்திய அரசு வெளியிட்டது. இறக்குமதியோட உயிருள்ள விலங்குகளின் ஏற்றுமதியும் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பினதும் சில நாட்களிலேயே வாபஸ்!

2019-ல் இந்தியாவுக்குள் முதன்முறையாகத் தலைகாட்டிய தோல் கழலை நோய், 2022-ல் ராஜஸ்தான், குஜராத்தில் மாடுகளைக் கொன்னு குவிச்சது. ஆக, வாசலுக்குப் பூட்டு கண்டிப்பாக வேணும். பூட்டு 1898-ல் செஞ்சதுங்கிறதுகூடப் பெரிய பிரச்னை இல்லை. சாவியைத் திருப்பறவர் 'ஏன் திருப்பறேன்'னு ஒரு வரி காரணம் எழுதணும், அதை நாம எல்லாரும் படிக்க முடியணும். புதுச் சட்டம் என்னிக்கு வந்தாலும், அந்த ஒரு வரி அதில் இருக்கான்னு முதலில் தேடிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்!