வாங்கும்போது மனதில் என்ன இருந்தது?

புதுச்சேரி நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் கொடுக்கல் வாங்கலில் வாய்த்தகராறு முற்றினால் அந்த எண் வந்து விழாமல் இருக்காது: "அவன் சரியான ஃபோர் ட்வென்ட்டி!" ஏலச்சீட்டை எடுத்துவிட்டு மீதித் தவணையைக் கட்டாதவர், கைமாற்று வாங்கி ஆறு மாதமாக இழுத்தடிப்பவர், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத மேஸ்திரி, துபாய் விசா என்று சொல்லி லட்சங்களைச் சுருட்டியவர் எல்லோருக்கும் ஒரே பட்டம்தான். ஒரு டீ குடிக்கிற நேரம் உட்காருங்கள். இந்தப் பட்டம் யாருக்குச் செல்லும், யாருக்குச் செல்லாது என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். அது தெரிந்திருந்தால் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்; சில உறவுகளையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

எண் வந்த வழி பலருக்குத் தெரியும். 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் மோசடி என்றால் என்ன என்று சொல்வது 415ஆம் பிரிவு. ஏமாற்றிப் பணமோ பொருளோ பறித்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்று சொல்வது 420. ராஜ் கபூர் 1955இல் 'ஸ்ரீ 420' என்று படம் எடுத்தபோது, அந்த எண்ணுக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்கூட இந்தக் குற்றத்துக்கு எண் 420தான். இலங்கையில் மட்டும் அது 403.

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. புதுச்சேரியில் இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1963 அக்டோபர் 1 அன்று. அதுவரை இங்கே பிரெஞ்சுச் சட்டம். ஏமாற்றிப் பிழைப்பவரை பிரெஞ்சில் 'எஸ்க்ரோ' என்பார்கள். பிரான்சின் 1810ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் அவருக்கான பிரிவு 405. அந்தச் சட்டத்துக்கு வெறும் வாய்ப்பொய் போதாது. பொய்ப் பெயர், இல்லாத பதவி, அல்லது இல்லாத தொழிலை இருப்பதாக நம்பவைக்கும் ஜோடனை, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இந்தியச் சட்டம் வேறு இடத்தில் கை வைத்தது. பணம் கைமாறிய அந்த நேரத்தில் வாங்கியவர் மனதில் என்ன இருந்தது என்று அது கேட்கிறது.

இதைப் புரியவைக்க அந்தச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதுவும் நம் மண்ணுக்கு நெருக்கமான ஓர் உதாரணம். அவுரிச் செடி. திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் பயிராகிற, நீலச் சாயம் எடுக்கிற அதே அவுரி. புதுச்சேரியில் சாயமேற்றிய நீலத்துணி ஒருகாலத்தில் செனகல் வரை கப்பலேறியது. அவுரி தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் வாங்குகிறார். வாங்கும்போதே தரும் எண்ணம் அவருக்கு இல்லையென்றால் அது மோசடி. தரும் எண்ணத்தோடு வாங்கி, பிறகு பேச்சு மாறித் தராமல் விட்டால் அது மோசடி ஆகாது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுப் பணத்தைக் கேட்கலாம். இரண்டிலும் கொடுத்தவருக்கு நஷ்டம் ஒன்றுதான். குற்றம் மட்டும் ஒன்றில்தான் இருக்கிறது.

மனதில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அது விட்டுச்சென்ற தடத்தை வைத்துத்தான். ஒரே மனையை மூன்று பேருக்கு விற்க அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாரா? காட்டிய பத்திரம் போலியா? சொன்ன கம்பெனி உண்மையில் உண்டா? இப்படி ஏதாவது கிடைத்தால் ஆரம்பமே கோணல் என்று தெரிந்துவிடும். பிறகு வாக்குத் தவறினார் என்பதை மட்டும் வைத்து, ஆரம்பத்திலேயே ஏமாற்ற நினைத்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2000இல் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது.

"முதல் சில மாதம் வட்டி சரியாகத்தானே வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னார். முதலில் போட்டவர்களுக்குத் தரவும் தந்தார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பன் வியாபாரத்தில் வந்த லாபம் என்றார். உண்மையில் அது பின்னால் வந்தவர்கள் போட்ட பணம். அந்த முதல் வட்டிதான் தூண்டில் புழு. ஒழுங்காக வட்டி வருவது நாணயத்துக்குச் சாட்சி ஆகாது. அந்த வட்டி எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 420 இப்போது 318(4). தண்டனை அதே ஏழு ஆண்டு வரை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 319. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டுமே பொருந்தும். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்புண்டு.

இத்தனையும் சொன்னது ஒரு வேலைக்காகத்தான். பணம் கொடுக்கும் நாளைப் பத்திரப்படுத்துங்கள். எதற்காக வாங்குகிறார் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். ரொக்கத்தைவிட வங்கி வழியாக அனுப்புங்கள். சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். புகார் எழுத நேர்ந்தால், "வாங்கினார், தரவில்லை" என்று மட்டும் எழுதினால் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்ன சொன்னதால் நம்பிக் கொடுத்தீர்கள், அதில் எது பொய், அது பொய் என்று அவருக்கு அப்போதே எப்படித் தெரியும், இந்த மூன்றையும் தேதியோடு முதலில் எழுதுங்கள்.

கணவர் படுத்த படுக்கையானதால் தவணை தவறிய பெண்ணைத் தெருவில் வைத்து ஃபோர் ட்வென்ட்டி என்று கத்தாதீர்கள். அவர் கடனாளி, தவணையைக் குறைத்துக் கொடுத்தால் அடைப்பார். ஏமாந்து வந்து நிற்பவரிடம் "உனக்கு புத்தி எங்கே போச்சு?" என்றும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பேர் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். ஏமாற்றியவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். நம்பியது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போய் உட்காருங்கள், அது போதும்.