தாங்குகோலும் எறிகோலும்: மதுரைச் சமவெளி வேட்டையில் வளரியின் இலக்குத்திறன்

ஆய்வுச் சுருக்கம்

துப்பாக்கி வேட்டையில் பயன்படும் தாங்குகோலும், மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் வழங்கிய வளரியும் ஒரே சிக்கலுக்குக் கிடைத்த இருவேறு விடைகள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நின்றபடி குறிபார்க்கும் வேட்டைக்காரனின் கைப்பிழையைத் தாங்குகோல் குறைக்கிறது. வளரி அப்பிழையைப் பொறுத்துக்கொள்கிறது. வடிவம், நிலம், விலங்கு, எழுத்துச் சான்று ஆகியவற்றின் துணைகொண்டு இதனை விளக்கி, வளரியைப் போர்க்கருவியாக மட்டும் காணும் வழக்கு மறுஆய்வுக்கு உரியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வளரி, வளைதடி, தாங்குகோல், முயல் வேட்டை, மதுரைச் சமவெளி

முன்னுரை

வளரியைப் பற்றிய தமிழ் எழுத்துகளிற் பெரும்பாலானவை மருதிருவரின் போரில் தொடங்கி அப்போரிலேயே முடிகின்றன. 1801ஆம் ஆண்டுப் போரின் நினைவு அக்கருவிக்குப் பெருமை சேர்த்தது உண்மையே. ஆயினும், ஒரு கருவியின் வடிவத்தை அது மிகுதியாகச் செய்த வேலையே தீர்மானிக்கிறது. வளரி நாள்தோறும் செய்த வேலை யாது என்ற வினாவை எழுப்பினால், போர்க்களத்தைவிட உடைமரங்கள் சிதறிக் கிடக்கும் மேய்ச்சல் நிலமே நம் கண்முன் வருகிறது. அந்நிலத்தில் நின்ற வேட்டைக்காரனின் சிக்கலைப் புரிந்துகொள்ளத் துப்பாக்கித் தாங்குகோல் நல்லதோர் ஒப்பீட்டுப் பொருளாகும்.

1. தாங்குகோலின் பணி

துப்பாக்கியைத் தோளில் அணைத்து நின்றபடி குறிபார்ப்பவரின் மூச்சும் நாடித்துடிப்பும் தசைச் சோர்வும் குழலின் வாயை இடைவிடாது அசைக்கின்றன. தரையில் படுத்துச் சுடுவோர்க்கு நிலமே தாங்கலாகிறது. புல் உயர்ந்து வளர்ந்த ஆப்பிரிக்க வெளிகளில் படுத்தால் விலங்கு கண்ணுக்குத் தெரியாது. எனவே, அங்கு வேட்டையாடுவோர் மேல்முனையில் இணைத்துக் கட்டிய இரண்டு அல்லது மூன்று கோல்களை நிலத்தில் ஊன்றி, அவற்றின் கவையில் துப்பாக்கியின் முன்பக்கக் கட்டையை வைத்துச் சுடுகின்றனர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் படைவீரர் கனத்த மஸ்கட் துப்பாக்கிக்கு ஊன்றிய கவைக்கோலும் இவ்வகையினதே. கருவியின் எடையைக் கையிலிருந்து நிலத்திற்கு மாற்றுவதே இக்கோல்களின் பணி.

இதன் தேவையை எளிய கணக்கொன்றால் உணரலாம். 30 மீட்டர் தொலைவில் ஒரு பாகை விலகல் இலக்கில் ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் விலகலாகும். முயலின் உயிர்நிலைப் பகுதி 10 சென்டிமீட்டர் அகலமுடையது எனக் கொண்டால், அதன் நடுவிலிருந்து இருபுறமும் 5 சென்டிமீட்டர் வரையிலான பிழையே பொறுக்கத்தக்கது. கோணத்தில் இது பாகையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே.

2. சுழற்சியும் பிழைப்பரப்பும்

வளரி பிறை வடிவினது. ஒரு முனை மற்றதைவிடக் கனமானது. இலேசான முனையைப் பற்றித் தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி விசையேற்றி எறிவது மரபு. எறியப்பட்ட வளரி சுழன்றுகொண்டே செல்வதால் அது கடக்கும் பாதை ஒரு கோடாக அமையாது. கருவியின் நீளத்தையே அகலமாகக் கொண்ட பட்டையாக அமைகிறது. முனைக்கு முனை 50 சென்டிமீட்டர் உள்ள வளரி நிலத்துக்கு இணையாகச் சுழன்று செல்வதாகக் கொள்வோம். அப்பட்டை நடுக்கோட்டின் இருபுறமும் 25 சென்டிமீட்டர் பரவும். முயலின் உயிர்நிலைப் பகுதியின் பாதியகலமான 5 சென்டிமீட்டரையும் சேர்த்தால், 30 மீட்டர் தொலைவில் பொறுக்கத்தக்க பக்கவாட்டுப் பிழை 30 சென்டிமீட்டர், அதாவது துப்பாக்கிக்குரியதைப்போல் ஆறு மடங்கு ஆகிறது. கருவி முன்னேறும் விரைவுக்கு ஏற்பச் சுழற்சி அமையாவிடில் பட்டையில் இடைவெளிகள் விழும். ஆகவே, ஆறு மடங்கு என்பதை மேல்வரம்பாகவே கொள்ளல் வேண்டும்.

ஓடும் விலங்கை எறிவோர்க்கு இதன் பயன் இன்னும் மிகுதி. குறுக்கே ஓடும் முயலின் விரைவை மதிப்பிடுவதில் நேரும் தவறு பெரும்பாலும் பக்கவாட்டுத் தவறே. சுழலும் பட்டை ஏற்றுக்கொள்வதும் அத்தவறையே. தாங்குகோலோ நின்றுகொண்டிருக்கும் விலங்குக்கே மிகுதியும் உதவும். ஓடும் விலங்கைத் தொடர்ந்து குழலைத் திருப்ப வேண்டிய நிலையில் அது சில வேளைகளில் இடையூறாகவும் அமையும்.

3. நிலமும் விலங்கும்

கிடைமட்டமாகச் சுழலும் கோலுக்குத் தடையற்ற வெளி தேவை. அடர்ந்த காட்டில் அது முதல் அடிமரத்திலேயே மோதி விழும். அழகர்மலை, நாகமலை ஆகியவற்றின் அடிவாரங்களை விட்டு இறங்கினால், மேலூர்ப் பகுதியின் மேய்ச்சல் தரிசுகளும் திருமங்கலம் பகுதியின் கரிசல் வெளிகளும் இத்தேவைக்குப் பொருந்துகின்றன. மறைந்திருக்க மரமும் ஏறி அமரப் பரணும் இல்லாத இவ்வெளியில், புதரிலிருந்து திடீரெனக் கிளம்பி ஓடும் முயலே வேட்டைக்காரனுக்கு எளிதில் எதிர்ப்படும் விலங்கு.

இப்பொருத்தம் மதுரைக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் அரிசோனா வறள்நிலத்தில் வாழும் ஹோப்பி மக்களும் முயல் வேட்டைக்கு எறிந்தவரிடம் திரும்பி வாராத வளைகோலைப் பயன்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டு மானிடவியலாளர் சிலர், தென்னிந்திய வளைதடியும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்கும் ஒத்திருத்தலை இனவுறவுக்குச் சான்றாகக் காட்டினர். ஹோப்பி வளைகோலை இவ்வொப்பீட்டில் சேர்த்தால் அவ்வாதம் வலுவிழக்கிறது. ஒத்த நிலமும் ஒத்த விலங்கும் ஒத்த கருவியைத் தோற்றுவிக்கும் என்பதே எளிய விளக்கம்.

4. எழுத்துச் சான்றுகள்

திறந்த வெளியில் முயல்மீது கோலெறியும் காட்சி புறநானூற்றின் 339ஆம் பாடலில் உள்ளது. பரந்த புலத்தில் மேய்ந்த காளைகள் நிழலில் இளைப்பாற, கோவலர் முல்லைப்பூப் பறிக்கின்றனர். குறுங்கோலால் எறியப்பட்ட முயல், நீர்ப்பரப்பின் வாளை மீனோடு சேர்ந்து துள்ளுகிறது. அக்கோல் வளைந்தது எனப் பாடல் கூறவில்லை. ஆதலின் அதனை வளரி என முடிவு கட்டல் பொருந்தாது. மேய்ச்சல் நிலம், கோவலர், எறிகோல், முயல் என்னும் நான்கும் ஒருங்கே அமைந்த வாழ்முறை தொன்மையானது என்பதற்கு மட்டும் அப்பாடல் சான்றாகும்.

வளரியைப் பெயர் சுட்டி விவரிக்கும் பிற்காலச் சான்றுகளுள் இரண்டு இன்றியமையாதன. ஒன்று, கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட படைநினைவு நூல். தமக்கு வளரி எறியக் கற்பித்தவர் சின்ன மருது என்றும், தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்கு உட்பட்ட எத்தொலைவிலும் குறி தவறாது என்றும் அவர் எழுதுகிறார். மற்றொன்று, எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் தொகுதியில் இடம்பெறும் புதுக்கோட்டைத் திவானின் குறிப்பு. வைரம் பாய்ந்த மரத்தாலும் சில வேளை இரும்பாலும் வளரி செய்யப்பட்டது, எறிவதில் வல்லோர் அக்காலத்தில் அங்கு எவரும் இல்லை, ஆயினும் முயல், காட்டுக்கோழி வேட்டையில் அது அரிதாகப் பயன்பட்டது, பூசையறையில் வைத்து ஆயுதபூசையன்று துலக்கப்பட்டது என அக்குறிப்பு தெரிவிக்கிறது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 1801ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை அரசு தென்பாளையங்களில் படைக்கலம் ஏந்துவதைத் தடைசெய்தது. போர்ப்பயன் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னும் வளரியின் வேட்டைப்பயன் எஞ்சியிருந்தது.

5. திரும்பி வரும் கருவி என்னும் கருத்து

எறிந்தவர் கைக்கே வளரி திரும்பி வரும் என இன்று பரவலாகக் கூறப்படுகிறது. வெல்ஷின் விவரிப்பிலோ திவானின் குறிப்பிலோ இதற்குச் சான்றில்லை. திரும்பி வரும் பூமராங் இலேசானது. அதன் இரு கைகளும் இறக்கைபோல் செதுக்கப்பட்டுக் காற்றில் உயர்விசை பெறுகின்றன. ஒருமுனை கனத்த வளரி, விசை குன்றாமல் நேரே சென்று தாக்குவதற்கு ஏற்றது. திரும்பி வரவேண்டுமெனில் அது வளைந்த பாதையில் பறத்தல் வேண்டும். அதனால் குறி தவறும் வாய்ப்பே மிகும். இல்லாத ஆற்றலை ஏற்றிப் புகழ்வதால் வளரிக்கு உண்மையில் இருந்த ஆற்றல் மறைகிறது.

முடிவுரை

தாங்குகோல் மனிதனை நிலைப்படுத்தித் துல்லியம் தேடுகிறது. வளரி, மனிதனின் நிலையாமையை ஏற்றுக்கொண்டு பரப்பால் அதனை ஈடுசெய்கிறது. மதுரைச் சமவெளி மக்களின் தொழில்நுட்ப அறிவுக்கு இது தக்க சான்று.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைத் தடைசெய்துள்ளன. அத்தடை தேவையானது, வேட்டையை மீட்பது ஆய்வின் நோக்கமாகாது. அசையா இலக்குகளைக் கொண்டே இக்கட்டுரையின் கணக்கைத் திறந்த திடலில் சோதிக்க இயலும். அதற்கு முன்னர், சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சை, புதுக்கோட்டை வளரிகளையும், உரியோர் இசைவுடன் குடும்பங்களின் பூசையறைகளில் உள்ளவற்றையும் எடை, நீளம், வளைவுக்கோணம், முனைகளின் கன வேறுபாடு என்னும் நான்கு அளவுகளால் பதிவுசெய்தல் வேண்டும். மரம், இரும்பு, தந்தம் என மூலப்பொருள் மாறுந்தோறும் இவ்வளவுகளும் மாறுகின்றனவா என ஒப்பிட்டால், வேட்டைக்கும் போருக்கும் சடங்குக்கும் உரியவற்றைப் பிரித்தறியும் வழி பிறக்கும். எறியத் தெரிந்த கைகள் மறைந்த நிலையில், எறிதலைப் பற்றி எஞ்சியுள்ள செய்தி கருவியின் அளவுகளில்தான் உள்ளது. ஆண்டுதோறும் துலக்கப்பட்டுத் தேய்ந்துவரும் முனைகள் அச்செய்தியை நெடுங்காலம் காத்து வைத்திருக்கமாட்டா.