கண்ணைப் பார்ப்பவருக்கும் பரீட்சை

சென்ற மாதம் நமது சங்கத்துக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நிகடியில் இருக்கும் அன்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் பி.ஆப்டோம் படிக்கிறாள். "சார், நாலு வருஷம் படித்து டிகிரி வாங்கிய பிறகும், வெளிநாட்டில் இவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் என்ன படித்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டுமாம். தன்னைத்தானே மதிப்பிட்டு எழுதியும் வைக்க வேண்டுமாம். கண்ணாடி பவர் எழுதித் தருகிற வேலைக்கு இத்தனை கெடுபிடியா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதன் காரணத்தைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் யார் என்று பார்ப்போம். நம்மில் பலர் மூன்று பேரை ஒருவராக நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம். கண் டாக்டர் எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து தருவார், ஆபரேஷன் செய்வார். ஆப்டிஷியன் சீட்டில் எழுதியபடி லென்ஸை வெட்டி ஃபிரேமில் பொருத்தித் தருபவர். இந்த இருவருக்கும் நடுவில் இருப்பவர்தான் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளப்பதோடு, கண்ணுக்குள் நோயின் அடையாளம் ஏதும் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டியவர். அனுப்ப வேண்டியவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நமது நாட்டில் இந்தப் படிப்பு 1958-ல் அலிகார் காந்தி கண் மருத்துவமனையிலும் ஹைதராபாத் சரோஜினி தேவி மருத்துவமனையிலும் இரண்டு வருட டிப்ளமாவாக ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்தது சென்னை எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி. டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவின் கீழ் 1985-ல் பிறந்த கல்லூரி அது. நாலு வருடப் பட்டப்படிப்பை நடத்துகிறது. இங்கே புனேயிலேயே பாரதி வித்யாபீடத்தில் இந்தப் படிப்பு உண்டு. ஆனால் படித்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, படிக்காமலே கடை திறந்து, கம்ப்யூட்டர் மெஷினில் நம் தாடையை வைக்கச் சொல்லி, வெளியே வரும் துண்டுச் சீட்டைப் பார்த்து பவர் எழுதுபவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். மராட்டியில் கண்ணாடிக்குச் 'சஷ்மா' என்று பெயர். சஷ்மா கடைக்காரர் என்ன படித்தார் என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா?

நான் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கடையில் இரண்டு வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றினேன். ஒவ்வொரு முறையும் மெஷின், எழுத்து அட்டை, பிறகு "6/6 படிக்கிறீர்கள் சார், கண் பிரமாதம்" என்ற பாராட்டு. அதன் பிறகு புரை வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டுக் கண்ணுக்குள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது க்ளாகோமா உண்டா?" என்று கேட்டார். இடது கண்ணில் மூக்கை ஒட்டிய மேல் பக்கத்தில் பார்வை போயிருந்தது. போனது திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம் என்றார். இன்று வரை இரண்டு வேளை சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன்.

பார்வை போனது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். க்ளாகோமா என்பது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அழியும் நோய். பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வைதான் முதலில் தேயும். நடுப் பார்வை கடைசி வரை நிற்கும். எழுத்து அட்டை நடுப் பார்வையை மட்டுமே சோதிக்கிறது. அதனால் 6/6 படித்துக்கொண்டே ஒருவர் பார்வையை இழந்துகொண்டிருக்கலாம். போதாததற்கு, ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மற்றக் கண் மூடி மறைத்துவிடுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், க்ளாகோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

எனக்கு இது உடனே புரிந்தது. நான் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். மேலே பளபளவென்று இருக்கும் ரெயிலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போவோம். மேல்பரப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக ஆள் எதற்கு? அந்தக் கருவியைப் பிடிப்பவருக்கு அதற்கென்று பயிற்சி வேண்டும். கருவி மாறினால் மறுபடியும் பயிற்சி.

ரயில்வேயில் ஒருவரும் இதைக் கெடுபிடி என்று சொல்வதில்லை. நமது ஆகுர்டி ஸ்டேஷனில் நின்று லோனாவளா லோக்கலைப் பாருங்கள். அதை ஓட்டும் டிரைவர் மூன்று மாதத்துக்கு மேல் இந்த செக்‌ஷனில் வண்டி ஓட்டாமல் இருந்தால், நேராக வந்து ஓட்டிவிட முடியாது. முதலில் இன்னொருவரோடு கூடப் போய், சிக்னல் எங்கே, வளைவு எங்கே என்று மறுபடி பழகிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருட அனுபவம் இருந்தாலும் அதுதான் சட்டம். ஸ்டேஷன் மாஸ்டர்கள் குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை புசாவல் பயிற்சிப் பள்ளிக்கு ரிஃப்ரெஷர் போய் வர வேண்டும். பெரிய இன்ஜினியர்கள் படிக்க வரும் இரிசென் நிறுவனம் நம் புனேயிலேயே இருக்கிறது. எங்கள் கண்களுக்கும் பி.எம்.ஈ. என்ற மருத்துவப் பரிசோதனை உண்டு. வயது 45 வரை நாலு வருடத்துக்கு ஒரு தரம், 55 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தரம், அப்புறம் வருடா வருடம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று கேட்கும் இஷிஹாரா புத்தகம் எனக்கு மனப்பாடம்! வண்டி ஓட்டுபவரின் கண்ணைச் சோதிக்க இத்தனை விதி இருக்கும்போது, கண்ணைச் சோதிப்பவரைச் சோதிக்க ஒரு விதி வேண்டாமா?

இங்கிலாந்தில் அந்த விதி 2005-லேயே கட்டாயமாயிற்று. அங்கே 1958-ம் வருடச் சட்டப்படி அமைந்த ஜெனரல் ஆப்டிகல் கவுன்சில் இருக்கிறது. அதன் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் ஆப்டோமெட்ரிஸ்டாகத் தொழில் செய்ய முடியாது. மூன்று வருடத்துக்கு 36 புள்ளிகள் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பெயர் போய்விடும். 2022 ஜனவரியிலிருந்து முறையை மாற்றினார்கள். இப்போது ஒவ்வொருவரும் மூன்று வருடச் சுற்றின் தொடக்கத்தில், எனக்கு எதில் பலவீனம், எதைக் கற்றுக்கொள்ளப்போகிறேன் என்று திட்டம் எழுத வேண்டும். சுற்று முடிவதற்குள் அதே தொழிலில் உள்ள இன்னொருவரோடு உட்கார்ந்து, கற்றது என் வேலையில் என்ன மாற்றம் செய்தது என்று பேசிப் பதிவு செய்ய வேண்டும். நம் ஈழத்து உறவுகள் நிறைய வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும், மருத்துவத் தொழில்களுக்கான சட்டமே தொடர் கல்வி, சுய மதிப்பீடு, சக தொழிலாளர் மதிப்பீடு ஆகிய எல்லாவற்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

இந்தச் சுய மதிப்பீடு என்ற சமாசாரம் எனக்கு முதலில் விளையாட்டாகத்தான் பட்டது. அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியுமா? ஆராய்ச்சியும் அதையேதான் சொல்கிறது. 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், டாக்டர்கள் தம்மைப் பற்றித் தாமே போட்ட மதிப்பெண்ணையும் வெளியார் சோதித்துப் போட்ட மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இரண்டும் பெரும்பாலும் பொருந்தவில்லை. திறமை குறைந்தவர்களில் சிலர்தான் தங்களைப் பற்றி அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். ஆகவே தானே எழுதித் தானே வைத்துக்கொள்ளும் மதிப்பீட்டினால் மட்டும் பயன் இல்லை என்பது என் கருத்து. இன்னொருவர் எதிரே உட்கார்ந்து கேட்கும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. நாங்கள் டிராலியில் போய்ப் பாதையைப் பார்த்துக் குறிப்பு எழுதினாலும், அதே பாதையில் உதவி இன்ஜினியரும் ஒரு நாள் வருவார் என்று தெரிந்தால்தான் குறிப்பில் உண்மை இருக்கும்.

புள்ளிக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ரிஃப்ரெஷர் கோர்ஸில் பின் பெஞ்சில் தூங்கிவிட்டு சர்டிஃபிகேட்டோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நானும் தூங்கியிருக்கிறேன், மறைப்பானேன்? ஹோட்டலில் கருத்தரங்கு, மத்தியானச் சாப்பாடு, ஒரு பை, ஒரு சர்டிஃபிகேட் என்று முடிந்துவிட்டால் நோயாளிக்கு என்ன லாபம்?

ஆனாலும் படிக்காமல் இருக்க முடியாத தொழில் இது. முப்பது வருடத்துக்கு முன் க்ளாகோமா என்றால் கண் அழுத்தம் கூடுவது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அழுத்தம் சாதாரணமாக இருப்பவர்களுக்கும் அது நிறைய வருகிறது என்பது இன்று தெளிவு. பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்கு அன்று கண்ணாடி எழுதினால் வேலை முடிந்தது. இன்று அந்தப் பவர் வேகமாக ஏறாமல் தடுக்கவே வழிகள் வந்துவிட்டன. மிகவும் நீர்த்த அட்ரோபின் சொட்டு மருந்தைச் சிங்கப்பூர்க்காரர்கள் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் ஹோயா கம்பெனியோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு லென்ஸ் செய்தார்கள். 1995-ல் டிகிரி வாங்கிவிட்டுப் புத்தகத்தை மூடியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பின்புறம் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சோகமான வழக்கு. இங்கிலாந்தில் 2012-ல் ஒரு சிறுவனை வழக்கமான கண் சோதனைக்கு அழைத்துப் போனார்கள். எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார் ஆப்டோமெட்ரிஸ்ட். ஐந்து மாதம் கழித்து மூளையில் நீர் கோத்து அந்தப் பிள்ளை எட்டு வயதில் இறந்தது. கண்ணின் பின்புறம் நரம்பு வீங்கியிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும் என்று 2016-ல் அவருக்குத் தண்டனை விதித்தார்கள். 2017-ல் மேல் கோர்ட் அதை ரத்து செய்தது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதை வைத்துக் கொலைக்குற்றம் சாட்ட முடியாது, அன்று அவருக்குத் தெரிந்திருந்ததை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்பது காரணம். சட்டப்படி அது நியாயமாக இருக்கலாம். ஆனால் ஒருவரை ஜெயிலில் போடுவதா வேண்டாமா என்று பிற்பாடு வாதாடுவதைவிட, மூன்று வருடத்துக்கு ஒரு தரம் உட்கார வைத்து 'பின்புறம் பார்க்கிறாயா?' என்று கேட்பது மேல்.

நம் நாட்டுக்கு வருவோம். டாக்டர்களுக்கு ஐந்து வருடத்தில் 30 மணி நேரம் தொடர் கல்வி என்று 2002-ம் வருட விதி சொல்கிறது. மகாராஷ்டிர மெடிக்கல் கவுன்சிலிலும் பதிவைப் புதுப்பிக்கப் புள்ளிகள் காட்ட வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு நெடுங்காலம் எதுவும் இல்லை. ஆப்டோமெட்ரி கவுன்சில் ஆஃப் இந்தியா என்று ஒன்றைத் தொழிலில் உள்ளவர்களே நடத்தினார்கள்; அதில் பதிவு செய்வது அவரவர் விருப்பம். 2021 மார்ச்சில்தான் பார்லிமென்ட் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிசியோதெரபி, லேப், எக்ஸ்ரே, கண் சம்பந்தப்பட்ட தொழில்கள் என்று பலவற்றுக்கும் சேர்த்து ஒரு தேசிய கமிஷன், மாநிலந்தோறும் கவுன்சில், பதிவேடு. கமிஷனின் கடமைகளில் தொடர் கல்வியும் எழுதப்பட்டிருக்கிறது. இத்தனை மணி நேரம், இன்ன மதிப்பீடு என்பதெல்லாம் விதிகளில் வர வேண்டியவை. வரும்போது ஹோட்டல் சாப்பாட்டுப் புள்ளியாக வராமல், எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்கும் முறையாக வர வேண்டும் என்பது என் ஆசை.

அது வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கடைக்குப் போனால் என்ன படித்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். நாற்பதில் வெள்ளெழுத்து வந்து முதல் கண்ணாடி போடும்போதே, கண்ணின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தோரில் யாருக்காவது க்ளாகோமா இருந்தால் அதைச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒரு முறை மருந்து விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பவர் அடிக்கடி மாறினால், கண்ணாடியை மாற்றும் முன் சர்க்கரையைப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் ஏறி இறங்கும்.

இப்போது நான் போகும் கடையில் ஒரு மராட்டி இளைஞர் இருக்கிறார், பட்டம் பெற்றவர். மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். யாரை மருத்துவமனைக்கு அனுப்பினார், தான் என்ன நினைத்து அனுப்பினார், டாக்டர் என்ன கண்டுபிடித்தார் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுகிறார். யாரும் கேட்டு எழுதவில்லையாம். அவர் நினைத்தது தவறாகப் போன இடங்களில் சிவப்பு மையால் கோடு. "இந்தப் பக்கத்தில் சிவப்பு குறைந்திருக்கிறது காக்கா" என்று பெருமையாகக் காட்டினார். (நம் ஊர்க் காக்கை இல்லை, மராட்டியில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) காகூவையும் அழைத்து வாருங்கள் என்றார். என் மனைவியோ, "எனக்கு ஊசியில் நூல் கோக்க முடிகிறது, நான் எதற்கு வரணும்?" என்கிறாள். ஊசி இருப்பது நடுப் பார்வையில் என்று சொல்லிப் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு.