மின்மானி காட்டும் கணக்கு

ஆயிரம் வாட் ஆற்றலுடைய கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரம் ஓர் அலகாகும். இதனையே மக்கள் யூனிட் என வழங்குவர்.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண முறை ஆராயத்தக்கது. இரு திங்களில் 500 அலகு செலவிட்ட குடும்பத்திற்கு முதல் நூறு அலகிற்கு விலை இல்லை. அடுத்த நூற்றிற்கு அலகொன்றுக்கு 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. அதற்குமேல் 6 ரூபாய். ஆகத் தொகை 1,725 ரூபாய். செலவு 501 ஆயினோ, 101 முதல் 400 வரை அனைத்திற்குமே 4 ரூபாய் 50 காசு விதிக்கப்பட்டது. இறுதி அலகிற்கு 8 ரூபாய். தொகை 1,958 ஆயிற்று. அந்த ஓர் அலகு விளைத்த மிகுசெலவு 233 ரூபாய்! சிறுகுடும்பத்திற்கு இது சிறுதொகை அன்று.

அவ்வோர் அலகைக் காத்தல் அரிதோ? ஈராயிரம் வாட் வெந்நீர்க்கலம் அரைமணி நேரம் இயங்கினாலே ஓர் அலகு தீர்ந்துவிடும். 75 வாட் மின்விசிறி நாள்தோறும் பத்து மணி நேரம் சுழன்றால் அறுபது நாளில் 45 அலகு செலவாகும். 30 வாட் அளவில் இயங்கும் புதுவகை விசிறிக்கு 18 அலகே போதும். விசிறியின் வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரம் மிஞ்சும். ஆனால், பழைய பெரிய வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தின் ஒரு பகுதியை வெப்பமாக்கி வீணாக்குகின்றது. அதன்மேல் கை வைத்தால் சூடு தெரியும்.